வெள்ளையர் முதனிலைத் தேர்தல்

பொதுத் தேர்தலில் கட்சியின் சார்பில் யார் போட்டியிடுவது என்பதை வாக்களித்து முடிவு செய்வதே முதனிலைத் தேர்தல் எனப்படும். இதில் யார் வாக்களிக்கலாம் என்னும் விதியைக் கொண்டே ஓர் இனத்தின் வாக்குரிமையைப் பயனற்றதாக்க முடியும் என்பதற்கு அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலம் சான்றாகும்.

20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அங்கு ஜனநாயகக் கட்சியின் முதனிலைத் தேர்தலில் வென்றவரே பெரும்பாலும் பொதுத் தேர்தலிலும் வென்றார். 1923இல் இயற்றப்பட்ட மாநிலச் சட்டம், அக்கட்சியின் முதனிலைத் தேர்தலில் கறுப்பினத்தவர் வாக்களிக்கத் தடை விதித்தது. எல் பாசோ நகர மருத்துவர் லாரன்ஸ் நிக்சன் தொடுத்த வழக்கில், 1927இல் உச்ச நீதிமன்றம் அச்சட்டத்தை நீக்கியது. உடனே மாநில அரசு, வாக்காளர் தகுதியை வகுக்கும் அதிகாரத்தைக் கட்சியின் செயற்குழுவுக்கு அளித்தது. நிக்சன் மீண்டும் வழக்காடி 1932இல் வென்றார். அடுத்து, வெள்ளையர் மட்டுமே உறுப்பினராகலாம் என்று கட்சி மாநாடே தீர்மானம் நிறைவேற்றியது. இது தனியார் அமைப்பின் முடிவு என்று கூறி, 1935இல் நீதிமன்றம் அதை அனுமதித்தது.

ஹியூஸ்டன் நகரப் பல் மருத்துவர் லோனி ஸ்மித் தொடுத்த வழக்கில்தான் நிலைமை மாறியது. அவருக்காக வாதிட்ட தர்குட் மார்ஷல், பின்னர் 1967இல் உச்ச நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதியானார். மாநிலச் சட்டப்படி நடைபெறும் முதனிலைத் தேர்தல் அரசின் தேர்தல் முறையில் அடங்கியது. அதில் இனத்தின் பெயரால் எவரையும் விலக்கக் கூடாது என 1944 ஏப்ரல் 3 அன்று தீர்ப்பு வந்தது. நீதிபதிகளில் எட்டுப் பேர் இதை ஆதரித்தனர், ஒருவர் எதிர்த்தார்.

எனினும் ஃபோர்ட் பெண்ட் மாவட்டத்தில் வெள்ளையர் சங்கம் ஒன்று, முதனிலைத் தேர்தலுக்கு முன்பே தனி வாக்கெடுப்பு நடத்தி வேட்பாளரை முடிவு செய்துவந்தது. அவ்வழக்கத்துக்கு எதிராகவும் 1953இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.