தீயும் ஏடும்

குடுமியான்மலையிற் பொறித்த இசைக் கல்வெட்டு ஆயிரம் ஆண்டுகளைக் கடந்தும் நிலவுகின்றது. தாளும் ஓலையுமோ ஓர் இரவுத் தீக்கு ஆற்றா.

1981ஆம் ஆண்டு சூன் முதல் நாளையொட்டி மூட்டப்பட்ட தீயில், யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. கட்டடம் மீண்டும் எழுந்தது. மாற்றுப்படியில்லாச் சுவடிகள் மீண்டில.

இவ்விழப்பு ஈழத்தார்க்கு மட்டும் நேர்வதன்று. புதுக்கோட்டைச் சமஸ்தானம் 1948ஆம் ஆண்டு மார்ச்சு 3ஆம் நாள் இந்திய ஒன்றியத்தோடு இணையுமுன் எழுதப்பெற்ற நிலப் பத்திரங்களும், நம் சங்கத்துப் பழைய இதழ்களும் நம்மவர் இல்லங்களில் இரும்புப் பெட்டிகளில் உறங்குகின்றன. பெட்டியே காப்பு என்பது பலர் எண்ணம். அது பொருந்தாது. காகிதம் ஏறத்தாழ 230 பாகைச் செல்சியசில் தீப்பற்றும். அதற்கு முன்னரே கருகி நொறுங்கும். வெற்றிரும்பு சூட்டை உள்ளே கடத்துமாதலின், தீயிடைப்பட்ட பெட்டி தானே உலையாகும். சுவரிடையே வெப்பந்தடுக்கும் பொருள் செறித்த பேழை காக்கும். எனினும் சில நாழிகைக்கே. அடுப்பங்கரைப் பரணும், வெயில் காயும் ஓட்டின் அடியும் தாளுக்கு ஆகா.

உறுதியான காப்பு இருவேறு ஊர்களில் இருக்கும் இரு படிகளே. அண்டையூராகிய கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார் தேடித் தொகுத்த நூல்கள், அவர் மறைவிற்குப்பின் 1994ஆம் ஆண்டு சென்னையில் நூலகமாகி, நுண்படச் சுருள்களிலும் ஏறியமை இந்நெறிக்குச் சான்றாம்.

ஆகலின், அன்பர்காள்! இத்திங்களுக்குள் பெட்டியைத் திறந்து, ஒவ்வோர் ஆவணத்தையும் நிழற்படமாக்கி, ஒரு படியை வெளியூர்ச் சுற்றத்தாரிடம் ஒப்புவிப்பீராக. முன்னோர் ஈட்டிய நிலத்தைக் காக்கும் நாம், அவர்தம் எழுத்தையும் காத்தல் கடனன்றோ?