ஏசலும் ஏத்துதலும்: ப்ரணயகலஹத்தின் உட்பொருள்

பங்குனி உத்திரத்தன்று ஸ்ரீரங்கத்தில், ஸர்வலோக சரண்யனான நம்பெருமாள் தாயார் ஸந்நிதியின் வாசலில் வந்து நிற்கிறார். கதவு சாத்தப்படுகிறது. பின்வாங்கி மீண்டும் வருகிறார், மீண்டும் சாத்தப்படுகிறது. மலர்களும் வெண்ணெயும் அவர்மேல் எறியப்படுகின்றன. வாழைமட்டையால் அடிக்கும் பாவனையும் உண்டு. அதனாலேயே இவ்வுத்ஸவத்திற்கு மட்டையடி என்று பெயர். கூடியிருக்கும் அடியார்கள் நகைக்கிறார்கள். நகைத்தபடியே கைகூப்புகிறார்கள்.

இந்தச் சிரிப்பு புறத்தாரின் பழிப்புக்கு இடமாயிற்று. 1713-இல் தரங்கம்பாடியில் சீகன்பால்குவின் அச்சகத்திலிருந்து வெளிவந்த தொடக்ககாலத் தமிழ் அச்சுநூல்களுள் ஒன்று 'அக்கியானத்தை'க் கண்டிப்பதற்கென்றே எழுதப்பட்டது. வெண்ணெய் களவுகண்டவன், கோபியரோடு திரிந்தவன் என்று எம்பெருமானைப் பற்றி அடியார்கள் உகந்து சொல்லும் வார்த்தைகளே பின்வந்த மிஷனரிக் கண்டனங்களில் குற்றச்சாட்டுகளாக மாறின. அவற்றுக்கு விடை சொல்லப் புகுந்த நம்மவரிலும் சிலர், இவற்றையெல்லாம் தத்துவார்த்தமாக மட்டும் கொள்ளவேண்டும் என்று நாணத்தோடு ஒதுங்கினர்.

தெய்வத்தின் முன் சிரிப்பது தெய்வத்தைக் குறைப்பதாகும் என்னும் எண்ணம் மிகப் பழையது. கி.மு. 405-இல் ஏதென்ஸ் நகரில் அரிஸ்டோஃபனீஸ் இயற்றிய 'தவளைகள்' என்னும் நாடகம் அரங்கேறியது. அதில் டயோனிசஸ் என்னும் தெய்வம் கோழையாகவும் அடிபடுபவனாகவும் வருகிறது. அரங்கேறியதோ அத்தெய்வத்திற்கே உரிய விழாவில். முதற்பரிசும் அதற்கே கிடைத்தது. ஆயினும் தேவர்கள் அடங்காமல் சிரித்தார்கள் என்று ஹோமர் பாடியதை ப்ளேட்டோ ஏற்கவில்லை. பிற்காலக் கிறிஸ்தவ ஆசிரியர்கள் அந்தப் பழைய கதைகளையே அம்மதத்திற்கு எதிரான ஆயுதங்களாக்கினர். ஏசல் எப்போது வழிபாடாகிறது, எப்போது பழியாகிறது என்னும் கேள்வி எந்நாட்டிலும் எழக்கூடியதே. ஸ்ரீவைஷ்ணவ ஸம்ப்ரதாயம் அக்கேள்விக்கான விடையைத் தன் வ்யாக்யானங்களிலேயே வைத்திருக்கிறது.

ஏசலின் மூலம் ஆழ்வார்களின் அருளிச்செயலில் உள்ளது. திருமழிசையாழ்வாரின் சீடரான கணிகண்ணன் பல்லவ மன்னனால் காஞ்சியினின்று வெளியேற்றப்பட்டபோது, ஆழ்வார் திருவெஃகாவில் சயனித்திருந்த பெருமாளிடம் சென்று, தம் அரவணையைச் சுருட்டிக்கொண்டு தம் பின்னே வரும்படி கட்டளையிட்டார் என்பது குருபரம்பரை ப்ரஸித்தம். ஜகத்காரணனை வீடு மாற்றும் குடித்தனக்காரனைப்போல் பாய் சுருட்டச் சொன்ன அவ்வார்த்தைக்குப் பெருமாள் கட்டுப்பட்டார். 'சொன்னவண்ணம் செய்த பெருமாள்' என்பது இன்றும் அவர் திருநாமம். குலசேகராழ்வார் பெருமாள் திருமொழியின் ஆறாம் திருமொழியில், காத்திருந்து ஏமாந்த ஆய்ச்சியரின் ஊடல் வார்த்தையாகவே பேசினார். திருமங்கையாழ்வார் பெரிய திருமொழியில், திருவிந்தளூர்ப் பெருமாள் தமக்குக் காட்சி தாராமையால் வெகுண்டு, அடியார்க்கு உதவாத உம்முடைய வாழ்வை நீரே வாழ்ந்துகொள்ளும் என்னும் கருத்துப்பட இகழ்ந்துரைத்தார்.

இவற்றுக்கெல்லாம் சிகரம் திருவாய்மொழியின் ஆறாம் பத்தில் இரண்டாம் திருவாய்மொழி. முன் திருவாய்மொழியில் திருவண்வண்டூர்ப் பெருமாளிடம் பறவைகளைத் தூதுவிட்ட பராங்குச நாயகி, அவன் வந்தபோது வரவேற்கவில்லை. தாமதித்து வந்தான் என்று கோபித்து வழியை அடைக்கிறாள். அவன் அவளுடைய விளையாட்டுப் பொருள்களை எடுத்துக்கொள்கிறான், சிற்றிலை அழிக்கிறான். வேறு பெண்களிடம் போகலாமே என்று அவள் ஏசுகிறாள். இவ்விடத்தை ப்ரணயரோஷம் என்று பெயரிட்டு நிர்வஹித்தார்கள் பூர்வர்கள். ரோஷம் என்னும் சொல்லுக்கு முன்னே ப்ரணயம் நிற்பது கவனிக்கத்தக்கது. அன்பு முன்னே நில்லாவிடில் அக்கோபத்திற்கு இங்கு இடமில்லை.

இதே பகவத் விஷயத்தைப் பேசும் ஸம்ப்ரதாயம் அபசாரத்தைக் குறித்து மிகக் கடுமையாகவும் பேசுகிறது. பிள்ளை லோகாசார்யர் ஸ்ரீவசனபூஷணத்தில் விலக்கவேண்டிய குற்றங்களை அக்ருத்யகரணம், பகவதபசாரம், பாகவதாபசாரம், அஸஹ்யாபசாரம் என்று நான்காக வகுத்து, ஒன்றினும் ஒன்று கொடியது என்றார். அவற்றுள் இறுதியானதற்கு அவர் சொல்லும் இலக்கணம் இங்கே உதவுகிறது. காரணம் ஏதுமின்றி, எம்பெருமானையும் அடியார்களையும் பற்றிய பேச்சு என்றாலே பொறாதிருப்பது அஸஹ்யாபசாரம். சிசுபாலன் இதற்கு உதாஹரணமாவான். அவன் நா சொன்ன வசவுகளையும் ஆய்ச்சியர் சொன்ன ஏச்சுகளையும் அருகருகே வைத்தால், சொல்லளவில் பேதம் அதிகமில்லை. இருவரும் கண்ணனைக் கள்வன் என்றார்கள். இருவரும் இடையன் என்றார்கள். அவன் திருநாமம் செவியில் படுவதைச் சிசுபாலன் பொறுக்கமாட்டாதவன். அவன் ஒரு கணம் கண்ணில் படாமையை ஆய்ச்சியர் பொறுக்கமாட்டாதவர்கள். ஏசலுக்கும் அபசாரத்திற்கும் உள்ள எல்லை இதுவே. எது சொல்லப்பட்டது என்பதைவிட, எதைப் பொறாமல் சொல்லப்பட்டது என்பதே அதை நிச்சயிக்கிறது.

இவ்வளவையும் மனத்திற்கொண்டு ஸ்ரீரங்கத்து வாசலுக்குத் திரும்பினால், மட்டையடி வேறு தோற்றம் கொள்கிறது. பங்குனி ஆயில்யத்தன்று நம்பெருமாள் உறையூருக்கு எழுந்தருளி, கமலவல்லி நாச்சியாரோடு சேர்த்தி கண்டருளித் திரும்புகிறார். மூன்றாம் நாள் பெரிய பிராட்டியாரின் திருநக்ஷத்ரமான உத்திரம். வாசலில் ஸம்வாதம் தொடங்குகிறது. திருக்கண்கள் சிவந்திருப்பதேன் என்று தாயார் தரப்பு கேட்கிறது. ஜகத்ரக்ஷணத்தின்பொருட்டு இரவெல்லாம் விழித்திருந்தோம் என்கிறது பெருமாள் தரப்பு. அதரம் வெளுத்ததேன் என்றால், சங்கு ஊதினோம் என்று விடை வருகிறது. திருமங்கையாழ்வான் வழிபறித்தபோது கணையாழி காணாமற்போயிற்று, அதைத் தேடியதனால் தாமதமாயிற்று என்றும் ஒரு ஸமாதானம் உண்டு. இராப்பத்தின் எட்டாம் நாள் வேடுபறியாக நடித்துக் காட்டப்படும் அந்தக் களவே இங்கே கணவன் மனைவியிடம் சொல்லும் சாக்காகிவிடுகிறது.

ஸமாதானங்கள் செல்லாதபோது பெருமாள் ஸத்யம் செய்ய முன்வருகிறார். கடலில் மூழ்குகிறோம் என்கிறார். பாம்புக்குடத்தில் கையிடுகிறோம் என்கிறார். நெய்க்குடத்தில் கையிடுகிறோம் என்கிறார். ஒவ்வொன்றுக்கும் தாயார் தரப்பில் தயக்கமின்றி மறுமொழி வருகிறது. ப்ரளய வெள்ளத்தில் ஆலிலைமேல் துயின்றவருக்குக் கடலில் மூழ்குவது அரிதோ? அனந்தனையே படுக்கையாக உடையவரைப் பாம்பு தீண்டுமோ? ஆய்ப்பாடியில் நெய்யும் வெண்ணெயும் களவுகண்ட கைக்கு நெய்க்குடம் புதிதோ? கேட்போர் நகைக்கின்றனர். நகைத்தபின் சற்று நின்று பார்த்தால், சொல்லப்பட்ட அனைத்தும் ஸ்தோத்ரமே என்பது விளங்கும். வடபத்ரசயனமும், சேஷசாயித்வமும், க்ருஷ்ணாவதார ஸௌலப்யமும் அங்கே எண்ணப்பட்டுவிட்டன. குற்றமாகச் சொல்ல எடுத்த யாவும் குணமாக முடிவதால், நிந்தாஸ்துதி என்னும் பெயர் இங்கே முழுப்பொருள் பெறுகிறது.

இந்நகைச்சுவையில் தத்துவம் ஒன்று தலைகீழாக நிற்கிறது. சேதனனுக்கும் ஈச்வரனுக்கும் இடையே நின்று இருவரையும் சேர்ப்பவள் பிராட்டி, அதுவே புருஷகாரம். இவ்வாசலிலோ பிராட்டிக்கும் ஈச்வரனுக்கும் இடையே பிணக்கு. அதைத் தீர்க்க எழுந்தருள்பவர் நம்மாழ்வார். சேர்த்துவைப்பவளின் ஊடலைச் சேர்த்துவைக்கப்படவேண்டிய சேதனர் கோஷ்டியைச் சேர்ந்தவரே தீர்த்துவைக்கிறார். முன்பு பராங்குச நாயகியாக வழியை அடைத்தவர், இப்போது வழிதிறக்கச் சொல்லும் பெரியவராகிறார். அவர் வார்த்தையைப் பிராட்டி மறுப்பதில்லை. கதவு திறக்கிறது. பிராட்டி கதவை அடைத்தால் ஸர்வேச்வரனும் வெளியே நிற்கவேண்டியவனே என்பதைக் கண்ணால் கண்ட அடியாருக்கு, புருஷகார வைபவத்தை விளக்க வேறு உபந்யாஸம் வேண்டியதில்லை. ஸ்வாதந்த்ர்யம் மிக்கவன் ப்ரணயத்துக்குத் தோற்று நிற்பதைக் காண்பதற்காகவே அந்த வாசல் ஆண்டுதோறும் அடைபடுகிறது.

அதன்பின் நிகழ்வதே இவ்வுத்ஸவத்தின் பயன். கலஹம் தீர்ந்து, ஆண்டிற்கு ஒருமுறையே கிடைக்கும் பெரிய பிராட்டியாரோடான சேர்த்தியில் நம்பெருமாள் எழுந்தருளியிருக்கிறார். எம்பெருமானார் சரணாகதி கத்யத்தை விண்ணப்பம் செய்தது ஒரு பங்குனி உத்திரத்தில், இச்சேர்த்தியின் திருமுன்பே என்பது ஸம்ப்ரதாயத்தின் நிர்வாஹம். இன்றும் அங்கே கத்யத்ரயம் அநுஸந்திக்கப்படுகிறது. ஸம்ப்ரதாயத்தில் மிகக் கனமான வார்த்தை எதுவென்றால் அந்தச் சரணாகதியே. அது வேறொரு மௌனமான நாளைத் தேடிப்போகவில்லை. சிரிப்பு அடங்காத அதே நாளில், வெண்ணெய் பட்ட அதே திருமேனியின் முன் சொல்லப்பட்டது.

இவ்வடைவு தற்செயலானதன்று. அணுகவொண்ணாத உயரத்தில் இருப்பவனிடம் அஞ்சி நிற்கலாம்; அடைக்கலம் புகுவது அரிது. மனைவியின் வாசலில் பொய்ச்சாக்குச் சொல்லித் தலைகுனிந்து நின்றவன், நம் குற்றங்களையும் பொறுப்பான் என்னும் துணிவு பிறக்கிறது. அந்தத் துணிவுக்குப் பெயர் மஹாவிச்வாஸம். சரணாகதிக்கு வேண்டிய அங்கங்களுள் ஒன்றான அதை, அறிவுடையோர்க்கு ப்ரமாணங்கள் தருகின்றன. வாசலில் நின்று நகைத்த எளியோர்க்கு மட்டையடி தருகிறது.