மோசடியின் பேரில் ஒரு கம்பெனியைக் கலைத்தல்: பெங்களூரு தேவாஸ் வழக்கை முன்வைத்து

ஒரு கம்பெனியைக் கலைக்க ஆணையிடுவதற்கு 2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம் தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயத்துக்கு ஐந்து காரணங்களைத் தருகிறது. கம்பெனி தானே சிறப்புத் தீர்மானம் போட்டுக் கேட்கலாம். நாட்டின் இறையாண்மைக்கு எதிராக அது நடந்திருக்கலாம். தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் கணக்கையோ ஆண்டறிக்கையையோ தாக்கல் செய்யாமல் விட்டிருக்கலாம். கலைப்பதே நியாயம் என்று தீர்ப்பாயம் கருதலாம். மீதமுள்ள காரணம் மோசடி. கடனைக் கட்ட முடியாத நிலை முன்பு கலைப்புக்கான முதன்மைக் காரணமாக இருந்தது. 2016ஆம் ஆண்டுத் திவால் சட்டம் வந்தபின் அது இப்பட்டியலை விட்டு வெளியேறிவிட்டது.

மோசடியைத் தனிக் காரணமாக வைத்தது 2013ஆம் ஆண்டுச் சட்டம் செய்த மாற்றம். 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின் 433ஆம் பிரிவில் அப்படி ஒரு கூறு இல்லை. மோசடி செய்த கம்பெனியைக் கலைக்க விரும்பியவர் ‘நியாயமும் சமநீதியும்’ என்ற பொதுக் காரணத்தின் கீழ்தான் உயர் நீதிமன்றத்தை அணுக வேண்டியிருந்தது. புதிய சட்டத்தின் 271(இ) பிரிவு மூன்று நிலைகளைச் சொல்கிறது: கம்பெனியின் விவகாரங்கள் மோசடியாக நடத்தப்பட்டிருப்பது, கம்பெனியே மோசடியான, சட்டவிரோதமான நோக்கத்துக்காகத் தொடங்கப்பட்டிருப்பது, அதைத் தொடங்கியவர்களோ நடத்தியவர்களோ மோசடியோ முறைகேடோ புரிந்திருப்பது. மோசடி என்பதன் பொருளை 447ஆம் பிரிவு மிக விரிவாகவே வகுத்திருக்கிறது. ஏமாற்றும் எண்ணத்தோடோ தகாத ஆதாயம் தேடியோ செய்யும் செயல் மட்டுமன்றி, சொல்லவேண்டியதைச் சொல்லாமல் விடுவதும், பதவியைத் தவறாகப் பயன்படுத்துவதும் அதில் அடங்கும். யாருக்கும் நட்டம் நேர்ந்திருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

இந்தக் கூறு முழு அளவில் உரசிப் பார்க்கப்பட்டது பெங்களூரில்தான். வழக்கின் இரு தரப்பும் அந்நகரத்துக் கம்பெனிகள். ஆண்ட்ரிக்ஸ் கார்ப்பரேஷன் 1992இல் தொடங்கப்பட்ட இஸ்ரோவின் வணிகப் பிரிவு. பங்குகள் அனைத்தும் அரசினுடையவை. தேவாஸ் மல்டிமீடியா 17 டிசம்பர் 2004 அன்று பதிவான தனியார் கம்பெனி. பதிவாகிச் சரியாக ஆறு வாரம் ஆன நிலையில், 28 ஜனவரி 2005 அன்று, ஆண்ட்ரிக்ஸ் அதனோடு ஓர் ஒப்பந்தம் செய்தது. இஸ்ரோ கட்டவிருந்த இரண்டு செயற்கைக்கோள்களில் எஸ்-பேண்ட் அலைக்கற்றையின் 70 மெகாஹெர்ட்ஸ் கொள்ளளவு 12 ஆண்டுகளுக்குத் தேவாஸுக்குக் குத்தகையாகும். அதைக் கொண்டு கைபேசிகளிலும் வாகனங்களிலும் உள்ள கருவிகளுக்குப் படமும் ஒலியும் தகவலும் அனுப்புவது தேவாஸின் திட்டம். மொரீஷியஸ் வழியாக அமெரிக்க முதலீட்டாளர்களும், சிங்கப்பூர் வழியாக ஜெர்மனியின் டாயிட்சே டெலிகாமும் பங்குதாரர்களாயினர்.

2011 பிப்ரவரி 17 அன்று பாதுகாப்புக்கான அமைச்சரவைக் குழு இந்த ஒப்பந்தத்தை முடிவுக்குக் கொண்டுவரத் தீர்மானித்தது. பாதுகாப்புப் படைகள், துணை ராணுவம், ரயில்வே போன்றவற்றின் தேவைக்கு எஸ்-பேண்ட் வேண்டும், ஆகவே வணிகப் பயனுக்கு அதைத் தர இயலாது என்பதே அன்று சொல்லப்பட்ட காரணம். எட்டு நாள் கழித்து ஆண்ட்ரிக்ஸ் ஒப்பந்தத்தை ரத்து செய்தது. மோசடி என்ற சொல் அன்றைய முடிவின் காரணமாக இல்லை. பின்னால் வரும் வாதத்துக்கு இது முக்கியமானது. தேவாஸ் பன்னாட்டு வணிகச் சபையின் நடுவர் மன்றத்தை நாடியது. 14 செப்டம்பர் 2015 அன்று 56.25 கோடி டாலரும் 18 விழுக்காடு வட்டியும் கொடுக்கும்படி ஆண்ட்ரிக்ஸுக்கு எதிராகத் தீர்ப்பு வந்தது. இதற்கிடையே 2015 மார்ச்சில் மத்தியப் புலனாய்வுத் துறை முதல் தகவல் அறிக்கை பதிந்தது. 2016 ஆகஸ்டில் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது.

கலைப்பு மனு வந்தது இன்னும் தாமதமாக. 18 ஜனவரி 2021 அன்று மத்திய கம்பெனி விவகார அமைச்சகம், 272ஆம் பிரிவின் கீழ், தேவாஸுக்கு எதிராக மனுச் செய்ய ஆண்ட்ரிக்ஸுக்கு அதிகாரம் அளித்தது. மறுநாளே தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயத்தின் பெங்களூரு அமர்வு மனுவை ஏற்றுத் தற்காலிகக் கலைப்பாளரை நியமித்தது. மே 25 அன்று கலைப்பு ஆணை வந்தது. செப்டம்பர் 8 அன்று மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வு அதை உறுதி செய்தது. 17 ஜனவரி 2022 அன்று உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் ஹேமந்த் குப்தா, வி. ராமசுப்பிரமணியன் ஆகியோர் மேல்முறையீடுகளைத் தள்ளுபடி செய்தனர்.

உச்ச நீதிமன்றம் கண்ட மோசடி என்ன? ஒப்பந்தம் கையெழுத்தானபோது தேவாஸ் தன்னிடம் இருப்பதாகக் காட்டிய சேவையோ கருவியோ தொழில்நுட்பமோ உண்மையில் இல்லை. சொந்தம் கொண்டாடிய அறிவுசார் உரிமையும் இல்லை. செயற்கைக்கோள்களுக்கு ஒப்புதல் கேட்டு மத்திய அமைச்சரவைக்குப் போன குறிப்பில் இப்படி ஓர் ஒப்பந்தம் ஏற்கெனவே செய்யப்பட்ட செய்தி இடம்பெறவில்லை. முதலீடாக வந்த 579 கோடி ரூபாயில் 488 கோடி வரை வெளியே போனது: அமெரிக்காவில் துணைக் கம்பெனி தொடங்க 75 கோடி, வழக்குச் செலவுக்கு 180 கோடி, வணிகத் துணைச் சேவை என்ற பெயரில் 233 கோடி. விதையிலேயே நஞ்சு இருந்தால் செடியின் எந்தப் பாகமும் அதற்குத் தப்பாது என்ற போக்கில் நீதிமன்றம் காரணம் காட்டியது. நடுவர் தீர்ப்பின் பணத்தைக் கொடுக்காமல் தப்பிக்கவே கலைப்பு மனு என்ற வாதத்துக்கும் அதே தொனியில் பதில் கிடைத்தது. நோக்கம் அப்படியே இருந்தாலும், மோசடியின் பலனை ஒருவர் அறுவடை செய்ய நீதிமன்றம் உதவ முடியாது.

சட்டக் கொள்கை என்ற அளவில் இந்தத் தீர்ப்பைக் குறை சொல்வது கடினம். கம்பெனி தனி ஆள் என்ற கோட்பாடு 1897ஆம் ஆண்டின் சாலமன் வழக்கிலிருந்து வருவது. அந்தத் தனித்தன்மையை வழங்குவது அரசின் பதிவு. மோசடிக்கென்றே பெறப்பட்ட பதிவைத் திரும்பப் பெறும் வழி சட்டத்தில் இருக்கத்தான் வேண்டும். கம்பெனியின் திரையை விலக்கி ஆட்களைப் பிடிப்பது ஒரு முறை. கம்பெனியையே இல்லாமல் செய்வது வேறு முறை. பெயருக்கு மட்டும் இருந்த கம்பெனிகளைப் பதிவாளர் பட்டியலிலிருந்து நீக்குவது அடிக்கடி நடப்பதுதான். 2017இல் மட்டும் அப்படி 2 லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் நீக்கப்பட்டன. அவற்றுக்காக வாதாட யாரும் வரவில்லை. தேவாஸோ கையில் பெருந்தொகைக்கான நடுவர் தீர்ப்பை வைத்திருந்த கம்பெனி.

சிக்கல் கொள்கையில் இல்லை, மனுதாரர் யார் என்பதில் இருக்கிறது. 272ஆம் பிரிவின்படி கம்பெனிப் பதிவாளர் கலைப்பு மனுப் போட வேண்டுமானால் மத்திய அரசின் முன்அனுமதி வேண்டும். கம்பெனிக்குத் தன் தரப்பைச் சொல்லத் தக்க வாய்ப்பு அளிக்காமல் அரசு அந்த அனுமதியைத் தரக்கூடாது என்று அதே பிரிவின் வரம்புரை சொல்கிறது. ஆனால் ‘மத்திய அரசு அதிகாரம் அளித்த எவரும்’ மனுப் போடலாம் என்ற உட்கூறுக்கு அத்தகைய வரம்புரை எதுவும் இல்லை. பதிவாளர் ஓர் அரசு அலுவலர்; கம்பெனியின் சாவில் அவருக்குச் சொந்த ஆதாயம் கிடையாது. அவருக்குப் போட்ட கடிவாளம், அந்தக் கம்பெனிக்கு 56 கோடி டாலருக்கும் மேல் கொடுக்கவேண்டிய கடனாளிக்கு இல்லை. சட்டத்தை எழுதியவர்கள் இதை எண்ணிச் செய்ததாகத் தெரியவில்லை. ஆண்ட்ரிக்ஸ் அரசுக்கே சொந்தமானது என்பதால், அதிகாரம் அளித்தவரும் பெற்றவரும் ஒரே கூரையின் கீழ் இருந்தனர்.

இங்கிலாந்து இதை வேறு விதமாகக் கையாள்கிறது. 1986ஆம் ஆண்டின் திவால் சட்டத்தின் 124ஏ பிரிவில், பொதுநலன் கருதிக் கம்பெனியைக் கலைக்க மனுச் செய்பவர் அமைச்சரே. அதுவும் ஆய்வாளர்களின் அறிக்கையோ சட்டப்படி திரட்டிய தகவலோ கையில் இருந்தால்தான் செய்ய முடியும். வணிகப் போட்டியாளருக்கோ ஒப்பந்த எதிராளிக்கோ அந்த வாசல் திறப்பதில்லை. இந்தியச் சட்டத்திலும் இதற்கு இணையான பாதை உண்டு. 210 முதல் 213 வரையான பிரிவுகளின்படி விசாரணை நடத்தி, அறிக்கை வந்தபின் 224ஆம் பிரிவின் கீழ் கலைப்பு மனுப் போடலாம். அந்த விசாரணையை உச்ச நீதிமன்றம் முன்நிபந்தனை ஆக்கவில்லை. இரண்டும் தனித்தனி வழிகள் என்பது சட்டத்தின் சொற்களுக்குப் பொருந்திய வாசிப்பு. ஆனால் அந்த வாசிப்பால் கடினமான வழியை யாரும் தேர்ந்தெடுக்கத் தேவையில்லாமல் போகிறது.

மெய்ப்பித்தலின் அளவு அடுத்த கேள்வி. தீர்ப்பாயம் உரிமையியல் நடைமுறைச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டதல்ல. இயற்கை நீதியே அதன் வழிகாட்டி. தேவாஸ் வழக்கு பெரும்பாலும் ஆவணங்களை வைத்தே முடிவானது. ஆவணங்கள் மறுக்கப்படாதவை என்பதால் அது போதும் என்பது நீதிமன்றத்தின் நிலை. ஆனால் ஓர் ஆவணத்தில் எழுதியிருப்பது ஒன்று, எழுதியவரின் மனத்தில் இருந்த ஏமாற்றும் எண்ணம் வேறொன்று. அதே எண்ணத்தைக் குற்றவியல் நீதிமன்றத்தில் சாட்சிகளை நிறுத்தி ஐயத்துக்கு இடமின்றி நிறுவ வேண்டியிருக்க, கம்பெனியின் இருப்பு அதற்கு முன்பே முடிந்துவிட்டது. போதாக்குறைக்கு, மோசடிக்கு உடந்தையாக இருந்ததாகக் குற்றம் சாட்டப்பட்டவர்களில் ஆண்ட்ரிக்ஸ், விண்வெளித் துறை ஆகியவற்றின் அதிகாரிகளும் இருந்தனர். ஏமாந்தவரும் ஏமாற்ற உதவியவரும் ஒரே கம்பெனிக்குள் இருந்த வழக்கில், அந்தக் கம்பெனியையே மனுதாரராக ஏற்றது பொருத்தமான ஏற்பாடு அல்ல.

கலைப்புக்குப் பின் நடந்தது இந்த ஐயத்தை வலுப்படுத்துகிறது. கலைக்கப்பட்ட கம்பெனியின் பெயரில் வழக்காடும் உரிமை கலைப்பாளரிடம் போகிறது. 29 ஆகஸ்ட் 2022 அன்று டெல்லி உயர் நீதிமன்றம் 2015ஆம் ஆண்டு நடுவர் தீர்ப்பை ரத்து செய்தது. அதை எதிர்த்து மேல்முறையீடு செய்தது தேவாஸ் அல்ல, அதன் மொரீஷியஸ் பங்குதாரர் ஒருவர். 2023 மார்ச்சில் அந்த மேல்முறையீடும் தோற்றது.

ஆனால் கம்பெனி மறைந்தாலும் பங்குதாரர்கள் மறையவில்லை. இந்தியா செய்துகொண்ட முதலீட்டு ஒப்பந்தங்களின் கீழ் அவர்கள் தனித்தனியே தொடுத்த வழக்குகளைக் கலைப்பு ஆணை தொடவே இல்லை. மொரீஷியஸ் முதலீட்டாளர்கள் வழக்கில் 2016இல் வந்த தீர்ப்பு, அலைக்கற்றையில் 60 விழுக்காட்டை நாட்டின் பாதுகாப்புத் தேவைக்காக எடுத்தது சரி, எஞ்சியதற்கு இழப்பீடு தர வேண்டும் என்றது. இழப்பீட்டுத் தொகைகள் 2020இல் வரையறுக்கப்பட்டன. 2021 இறுதியில் கனடாவின் கியூபெக் மாநிலத்தில் ஏர் இந்தியாவுக்கும் இந்திய விமான நிலைய ஆணையத்துக்கும் சேரவேண்டிய பணத்தை முடக்கும் ஆணைகளை முதலீட்டாளர்கள் பெற்றனர். மொத்தத்தில், பெங்களூரில் கம்பெனியைக் கலைத்ததால் கடன் கோரிக்கை ஒழியவில்லை. கோரிக்கை வைப்பவரின் பெயர்தான் மாறியது.

அமெரிக்காவில் 2020 அக்டோபரில் வாஷிங்டன் மாநிலத்தின் மேற்கு மாவட்ட நீதிமன்றம் நடுவர் தீர்ப்பை ஏற்று, வட்டியுடன் சுமார் 129 கோடி டாலருக்கு ஆணையிட்டது. ஆண்ட்ரிக்ஸுக்கும் அமெரிக்காவுக்கும் போதிய தொடர்பு இல்லை என்று 2023இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் தள்ளியது. 5 ஜூன் 2025 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம், அயல்நாட்டு அரசு நிறுவனங்கள் பற்றிய சட்டத்தில் அத்தகைய தொடர்பு தேவையில்லை என்று ஒருமனதாகச் சொல்லி வழக்கைத் திருப்பி அனுப்பியது. இந்தியாவில் ரத்தான நடுவர் தீர்ப்பை அங்கே அமல்படுத்தலாமா என்ற கேள்வி அந்தத் தீர்ப்பில் முடிவாகவில்லை. அந்தக் கேள்விக்கு விடை தேடும் எந்த வெளிநாட்டு நீதிமன்றமும் முதலில் பார்க்கப்போவது 18, 19 ஜனவரி 2021 என்ற இரண்டு தேதிகளைத்தான். மோசடி பற்றிய முடிவு எவ்வளவு சரியாக இருந்தாலும், கடனாளி கேட்க, கடனாளியின் உரிமையாளர் அனுமதிக்க, ஒரே நாளில் தொடங்கிய நடவடிக்கை அது என்ற தோற்றத்தை அந்தத் தேதிகள் கொடுக்கின்றன.

இதைத் திருத்தப் பெரிய சட்டம் தேவையில்லை. பதிவாளருக்குள்ள வரம்புரையை அதிகாரம் பெற்ற மனுதாரருக்கும் விரித்து, கம்பெனியின் தரப்பைக் கேட்டபின்பே அனுமதி என்று எழுதலாம். கம்பெனியோடு வழக்கிலோ நடுவர் விசாரணையிலோ எதிர்த்தரப்பாக இருப்பவருக்கு அந்த அதிகாரம் தரக்கூடாது என்று ஒரு வரி சேர்க்கலாம். தேவாஸ் வழக்கில் இவ்விரண்டும் இருந்திருந்தால், மனுவைப் பதிவாளரே போட்டிருப்பார். சில மாதங்கள் கூடுதலாக ஆகியிருக்கும். அதே ஆவணங்களை வைத்து அதே முடிவுக்குத் தீர்ப்பாயம் வந்திருக்கவும் கூடும். 272ஆம் பிரிவுக்கு இந்த இரண்டு திருத்தங்களையும் நாடாளுமன்றம் செய்வதே முறை.