வேதாளைக் கடலில் வீழ்ந்தவர்களை நினைவுகூர்வோம்



அண்மையில் மதரஸாவில் உஹது யுத்தப் பாடம் நடத்தினேன். ஹிஜ்ரி 3ஆம் ஆண்டில் எழுபது ஸஹாபாக்கள் ஷஹீதான வரலாற்றைச் சொல்லி முடித்ததும், ஒரு மாணவன் எழுந்து, "ஹஜ்ரத், நம்ம கடலிலும் யாராவது ஷஹீதாகியிருக்கிறார்களா?" என்று கேட்டான். வேம்பார்க் கரையில் வளரும் பிள்ளைக்கு இதன் விடை தெரியாதது அவன் குற்றமன்று. சொல்லித் தராத நம் குற்றம்.

நம் மன்னார் வளைகுடாவின் வடகரையில், மண்டபத்திற்கு அருகில் இருக்கிறது வேதாளை. 1538ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அங்கே ஒரு பெரும் போர் நடந்தது. தங்களிடம் அனுமதிச் சீட்டு வாங்காத கப்பல்கள் கடலில் செல்லக் கூடாது என்று போர்த்துக்கீசியர் கட்டளையிட்டு, மீறிய கப்பல்களைக் கொள்ளையிட்டு வந்த காலம் அது. அவர்களை எதிர்த்து, அலீ இப்ராஹீம் மரைக்காயர், குஞ்ஞாலி மரைக்காயர் முதலானோர் தலைமையில் நாற்பதுக்கும் மேற்பட்ட படகுகள் மலபாரிலிருந்து குமரிமுனையைச் சுற்றி இக்கடலுக்கு வந்தன. வேதாளையில் கரையொதுங்கியிருந்த அப்படையை மார்ட்டிம் அபோன்சோ டி சூசா என்னும் போர்த்துக்கீசியத் தளபதி தாக்கினார். படகுகள் பறிபோயின, பலர் உயிர் துறந்தனர்.

பொன்னானியைச் சேர்ந்த அறிஞர் ஷைகு ஸைனுத்தீன் மக்தூம் தம் 'துஹ்ஃபத்துல் முஜாஹிதீன்' நூலில் இப்போரைப் பதிவு செய்துள்ளார். அது ஹிஜ்ரி 944, ஷஅபான் மாத இறுதி. ரமலான் பிறைக்குச் சில நாள்களே இருந்தன. தலைவர்களின் பெயர்கள் நூலில் நிலைத்துவிட்டன. துடுப்பு வலித்தவர்கள், பாய் இழுத்தவர்கள் பெயர்கள் எந்த ஏட்டிலும் இல்லை. மனிதர் ஏட்டில் இல்லாவிட்டால் என்ன? அல்லாஹ்வின் அறிவிலிருந்து எந்தப் பெயரும் அழிவதில்லை.

இவ்வரலாற்றுக்கு மறுபக்கமும் உண்டு. அதை மறைப்பது நேர்மையன்று. முத்துக் குளிப்பின் உரிமை குறித்து முஸ்லிம் வணிகர்களுக்கும் பரதவ மக்களுக்கும் அக்காலத்தில் கடும் பகை மூண்டிருந்தது. பரதவர்கள் போர்த்துக்கீசியரின் பாதுகாப்பை நாடினர். 1535 முதல் 1537 வரையிலான ஆண்டுகளில் கத்தோலிக்க மதத்தைத் தழுவினர். அவர்களின் புகழ்பெற்ற ஏழு ஊர்களுள் நம் வேம்பாரும் ஒன்று. மரைக்காயர் படகுகளைக் கண்டு அன்று அஞ்சியிருக்கக்கூடியவர்கள், இன்று நம் அண்டை வீட்டாரின் முன்னோர்களே.

ஆகவே நம் முன்னோரை மதிப்பது பழைய பகையைப் பிள்ளைகளின் நெஞ்சில் மூட்டுவதாக ஆகிவிடக் கூடாது. ஒரு யூதரின் ஜனாஸா கடந்து சென்றபோது நபி (ஸல்) அவர்கள் எழுந்து நின்றார்கள். அவர் யூதராயிற்றே என்று தோழர்கள் கூறியபோது, அவரும் ஓர் உயிரல்லவா என்று கேட்டார்கள். இறந்தோரை எண்ணும்போது நம் அளவுகோல் இதுவே.

நினைவுகூர்வது எப்படி? உஹது நடந்து எட்டு ஆண்டுகளுக்குப் பின்னும் நபி (ஸல்) அவர்கள் அந்த ஷஹீதுகளுக்காகத் தொழுததை உக்பா பின் ஆமிர் (ரலி) அறிவித்துள்ளார்கள். ஆண்டுகள் கடந்தாலும் மறவாதிருத்தல் அண்ணலாரின் வழிமுறை. இதற்குப் புதிய சடங்கோ கொடியோ வேண்டியதில்லை. வீட்டில் பிள்ளைகளை அருகில் அமர்த்தி வரலாற்றை இரு பக்கமும் சொல்லுங்கள். பெயர் தெரியாத அந்த மாலுமிகளுக்காகத் துஆ கேளுங்கள். அவர்கள் பேரால் ஓர் ஏழை மீனவக் குடும்பத்திற்கு உதவுங்கள். அக்குடும்பம் எந்தச் சமயத்தைச் சார்ந்தது என்று பார்க்க வேண்டாம்.

அந்த மாணவனுக்கு இவை அனைத்தையும் சொன்னேன். சிறிது நேரம் மௌனமாக இருந்துவிட்டு, "அப்போ பேரு தெரியாமலே துஆ கேட்கலாமா, ஹஜ்ரத்?" என்றான். கேட்கலாம் என்றேன். வகுப்பு முழுவதும் கையேந்தியது.

யா அல்லாஹ்! எங்கள் கடலில் உயிர் நீத்த முஃமின்களைப் பொருந்திக்கொள்வாயாக! எங்களையும் எங்கள் அண்டை வீட்டாரையும் அமைதியில் வாழச் செய்வாயாக! ஆமீன்.