இதயத்தின் வடிகான்கள்

மாரடைப்பு என்றாலே எங்கள் ஊரில் பேச்சு அடைபட்ட குருதிக்குழாயைப் பற்றித்தான். ஸ்டென்ட் வைத்தாச்சா, பைபாஸ் செய்தாச்சா என்று விசாரிப்போம். அடைப்பை எடுத்த பிறகும் சிலருக்கு மாதக்கணக்கில் இதயம் பலவீனமாகிக்கொண்டே போவது ஏன் என்று கேட்பதில்லை. விடையின் ஒரு பகுதி, பாடசாலையில் நாம் அரைப் பக்கத்தோடு கடந்துவந்த நிணநீர்த் தொகுதியில் இருக்கிறது.

அந்தக் கதை ஒரு நாயின் வயிற்றில் தொடங்குகிறது. 1622 ஜூலை 23 அன்று இத்தாலியில் கஸ்பாரே அசெல்லி என்ற வைத்தியர், நண்பர்களுக்கு நரம்புகளைக் காட்டுவதற்காக உயிருள்ள நாயொன்றை அறுத்தார். (இன்று வாசிக்கவே மனம் பதறுகிறது.) நாய் சற்று முன்னர்தான் வயிறு நிறையத் தின்றிருந்தது. குடலைத் தாங்கும் சவ்வில் வெள்ளை நூல்கள் தெரிந்தன. நரம்பு என்றே நினைத்தார். ஒன்றை வெட்டினார், பால் போன்ற திரவம் வழிந்தது. பசித்த நாயொன்றை அறுத்துப் பார்த்தார், நூல்களைக் காணவில்லை. தீனி போட்ட நாயில் மறுபடி தெரிந்தன. இதை எழுதிய அவரது நூல் 1627இல் அச்சாகும்போது அவர் உயிருடன் இல்லை.

பிறகு 1651இல் பிரான்சின் ஜோன் பெக்கே, அந்தத் திரவம் நெஞ்சுக்குள் ஏறி, கழுத்தடி நாளத்தில் குருதியோடு கலப்பதைக் காட்டினார். சுவீடனின் ருட்பெக்கும் டென்மார்க்கின் பார்தொலினும் உடலின் மற்ற இடங்களிலும் இக்குழாய்களைக் கண்டார்கள், யார் முதலில் என்று சண்டையும் பிடித்தார்கள். குருதிச் சுற்றோட்டத்தை நிறுவிய ஹார்வியே இந்தப் புதிய குழாய்களை நம்பவில்லை!

அதன் பின் இதய வைத்தியத்தில் இவற்றைப் பெரிதாக யாரும் கவனிக்கவில்லை. மெல்லியவை, நிறமற்றவை, நுணுக்குக்காட்டியிலும் குருதிக் கலன்களிலிருந்து பிரித்தறிவது கஷ்டம். 1990களில்தான் வழி பிறந்தது. பின்லாந்தின் காரி அலிடாலோ குழு, நிணநீர்க் குழாய்களை வளரச் செய்யும் வி.ஈ.ஜி.எஃப்-சி என்ற புரதத்தை 1996இல் கண்டறிந்தது.

யானைக்கால் நோயை எங்கள் மூத்தவர்கள் கண்டிருப்பார்கள். புழுக்கள் நிணநீர்க் குழாய்களைக் கெடுக்க, வடிய வேண்டிய நீர் தேங்கிக் கால் வீங்கும். (அதைப் பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக இலங்கை ஒழித்துவிட்டதென 2016இல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது.) மாரடைப்பிலும் காயப்பட்ட தசையில் நீர் ஊறுகிறது, இறந்த கலங்களை அள்ள நோயெதிர்ப்புக் கலங்கள் திரள்கின்றன. வேலை முடிந்தும் அவை வெளியேறாவிட்டால் அழற்சி நீடிக்கும், தழும்பு பெருக்கும். கால் வீக்கம் கண்ணுக்குத் தெரியும், இதய வீக்கம் தெரியாது.

ஒக்ஸ்போர்டில் போல் ரைலியின் குழு 2015இல் இதைச் சுண்டெலிகளில் பார்த்தது. மாரடைப்புக்குப் பின் இதயம் தானாகவே புதிய நிணநீர்க் குழாய்களை முளைக்க வைத்தது. அந்தப் புரதத்தைக் கொடுத்தபோது அவை மேலும் பெருகின, இதயத்தின் இயக்கமும் தேறியது. நோயெதிர்ப்புக் கலங்கள் அந்த வழியால்தான் வெளியேறுகின்றன என்பதை 2018இல் அதே குழு காட்டியது.

இவை எலிகளில் கண்டவை. மாரடைப்பு வந்தவருக்கு நிணநீர்க் குழாய் வளர்க்கும் மருந்து இன்னும் வைத்தியசாலைகளில் இல்லை. "நிணநீரைச் சுத்தமாக்கும்" என்று கைபேசியில் விற்கப்படும் எண்ணெய்களுக்கும் இந்த ஆய்வுகளுக்கும் ஒரு தொடர்பும் இல்லை.