வழியில் ஒருவருக்கு நோய் கண்டால்... சொல்ல வேண்டியவர் யார்?

கே.எல். சென்ட்ரலில் புறப்படும் கொம்யூட்டர் ரயில், பங்சார் ஓரமாக அங்காசாபுரியைத் தொட்டு, கிள்ளானைக் கடந்து போர்ட் கிள்ளானில் போய் நிற்கிறது. கல்லூரி மாணவர்கள், தொழிற்சாலைத் தொழிலாளர்கள், மருத்துவமனைக்குப் போகும் முதியவர்கள் என்று எத்தனையோ பேர் அதில் தினமும் தோளோடு தோள் உரசிப் பயணம் செய்கிறார்கள்.

அந்தக் கடைசி நிலையத்தை ஒட்டிய துறைமுகத்துக்கு 1972 வரை போர்ட் சுவெட்டன்ஹாம் என்று பெயர். நம் பாட்டன் பூட்டன்மாரில் பலர் கப்பலை விட்டு இறங்கிய இடம் அது. அன்று அவர்களை முதலில் எதிர்கொண்டவர் உறவினர் அல்லர், தோட்டத்து முதலாளியும் அல்லர். துறைமுக டாக்டர்தான்!

"கப்பலில் யாருக்காவது நோய் உண்டா? வழியில் யாராவது இறந்தார்களா?"

கப்பல் தலைவர் இந்த இரண்டு கேள்விகளுக்கும் பதில் சொல்லாமல் ஒரு பயணிகூடக் கரையில் கால் வைக்க முடியாது. கடல் தாண்டி வந்தவர்களிடம் கேட்கப்பட்ட இதே கேள்வியை, கிள்ளானிலிருந்து அலோர் ஸ்டார் போகும் இரவு பஸ்ஸில் கேட்பவர் யார்? கேட்டால் பதில் சொல்ல வேண்டியவர் யார்? இதற்கு நூறாண்டுக்கும் மேற்பட்ட வரலாறு இருக்கிறது.

மஞ்சள் கொடி

நாகப்பட்டினத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் புறப்பட்ட கப்பல்களில் பெரும்பாலோர் மேல்தளப் பயணிகள். பாய் விரித்த இடமே படுக்கை, அதுவே சாப்பாட்டு இடம். 1926-ல் கட்டப்பட்ட 'ரஜூலா' கப்பல் தொடக்க காலத்தில் 5,000-க்கும் மேற்பட்ட மேல்தளப் பயணிகளை ஏற்றிச் செல்ல அனுமதி பெற்றிருந்தது. அவ்வளவு நெருக்கத்தில் ஒருவருக்கு வாந்திபேதியோ அம்மையோ கண்டால் என்ன ஆகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

நோயுள்ள கப்பல் மஞ்சள் கொடி ஏற்ற வேண்டும் என்பது பழைய கடல் வழக்கம். பயணிகள் கரையேறுவதற்கு முன் தனிமை முகாமில் வைக்கப்பட்டார்கள். சிங்கப்பூரில் 1873-ல் காலரா பரவியதை அடுத்து, 1874-ல் செயிண்ட் ஜான்ஸ் தீவில் தனிமை நிலையம் அமைந்தது. பினாங்குக்கு வந்தவர்களுக்கு ஜெரஜாக் தீவு. போர்ட் சுவெட்டன்ஹாமிலும் முகாம் இருந்தது.

முகாம் என்றால் கூலி இல்லாத நாட்கள். குடும்பம் பிரிந்து கிடக்கும் நாட்கள். ஆகவே, காய்ச்சலை மறைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டு டாக்டரைக் கடந்து போய்விடும் ஆசை ஏழைப் பயணிக்கு வந்ததில் வியப்பில்லை. அந்த ஆசையும் அச்சமும் இந்த வரலாறு முழுவதும் கூடவே வருகின்றன.

இன்று அதே மஞ்சள் கொடிக்குப் பொருள் நேர்மாறாகிவிட்டது. "என் கப்பலில் நோய் இல்லை, கரை சேர அனுமதி தருக" என்பதே இப்போது அதன் அர்த்தம்!

ரயில் ஏறிய பிளேக்

கப்பல் ஒரு துறைமுகத்தில்தான் நின்றாக வேண்டும். ரயில் அப்படியா? நூறு நிலையங்களில் நிற்கிறது, நூறு ஊர்களில் ஆட்களை இறக்கிவிடுகிறது. உள்நாட்டுப் பயணத்தின் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது.

1896-ல் பம்பாயில் பிளேக் நோய் வெடித்தது. மக்கள் கூட்டம் கூட்டமாக ஊரை விட்டு ஓடினார்கள். 1897 பிப்ரவரியில் ஆங்கில அரசு கொள்ளைநோய்ச் சட்டத்தைக் கொண்டு வந்தது. ரயில் பயணிகளைச் சோதிக்கவும், சந்தேகத்துக்குரியவர்களைப் பிரித்து வைக்கவும் அந்தச் சிறிய சட்டம் அதிகாரம் தந்தது.

சென்னை மாகாணத்தில் இதற்கு ஒரு புதுவழி கண்டார்கள். நோய் பரவிய பகுதியிலிருந்து வரும் பயணியின் கையில் 'பிளேக் பாஸ்போர்ட்' என்ற சீட்டு தரப்பட்டது. அவர் தம் ஊர் போய்ச் சேர்ந்ததும் பத்து நாள் உள்ளூர் அதிகாரியிடம் முகம் காட்ட வேண்டும். பயணத்தை முற்றாக நிறுத்தாமல், பயணியைக் கண்காணிக்கும் முறை இது. கொரோனா காலத்தில் நாம் கண்ட வீட்டுக் கண்காணிப்புக்கு இதை ஒரு மூத்த அண்ணன் எனலாம்.

ஆனால் பூனாவில் நடந்தது வேறு. படைவீரர்கள் வீடு புகுந்து சோதித்தார்கள். பெண்களும் பூசையறையும்கூடத் தப்பவில்லை என்று மக்கள் கொதித்தார்கள். 1897 ஜூனில் பிளேக் அதிகாரி ராண்ட் சுடப்பட்டார். அந்தக் கெடுபிடியால் நோயாளிகளை ஒளித்து வைப்பது கூடியது. 'சொன்னால் துன்பம்' என்று மக்கள் நம்பிவிட்டால் எந்தச் சட்டமும் செல்லாது என்பது பூனா தந்த பாடம்.

பினாங்கு டாக்டரும் மஞ்சூரியா ரயிலும்

ரயிலும் நோயும் கைகோத்தால் எவ்வளவு கொடுமை விளையும் என்பதை உலகத்துக்கு எடுத்துக் காட்டியவர் நம் மண்ணின் மைந்தர் ஒருவர். 1879-ல் பினாங்கில் பிறந்து, பினாங்கு ஃப்ரீ ஸ்கூலிலும் பின்னர் கேம்பிரிட்ஜிலும் படித்த டாக்டர் வூ லியன் தே.

1910-ன் இறுதியில் மஞ்சூரியாவில் நுரையீரல் பிளேக் பரவியது. மார்மட் என்னும் விலங்கைத் தோலுக்காக வேட்டையாடியவர்களிடம் தொடங்கிய நோய், ரயில் பாதையோரமாக ஊர் ஊராக இறங்கி வந்தது. அப்போது சீனப் புத்தாண்டு நெருங்கிக் கொண்டிருந்தது. ஆயிரக்கணக்கான கூலித் தொழிலாளர்கள் ஊர் திரும்ப ரயில் ஏறினார்கள். நோயும் அவர்களோடு பயணச்சீட்டு இல்லாமல் ஏறிக்கொண்டது!

டிசம்பர் மாதம் ஹார்பினுக்கு அனுப்பப்பட்ட டாக்டர் வூ, இது எலி வழியாக அல்ல, மனிதர் மூச்சு வழியாகவே தொற்றுகிறது என்று கண்டார். துணியும் பஞ்சும் கொண்ட முகக்கவசத்தை வலியுறுத்தினார். அதை அலட்சியம் செய்த பிரெஞ்சு மருத்துவர் மெஸ்னி சில நாட்களில் அதே நோய்க்குப் பலியானார். ரயில் போக்குவரத்துக்குக் கட்டுப்பாடு வந்தது. ரஷ்ய ரயில்வேயிடம் சரக்குப் பெட்டிகளைக் கேட்டு வாங்கி, நோயாளிகளோடு பழகியவர்களை அவற்றில் தனிமைப்படுத்தினார்கள். நோயைச் சுமந்து வந்த ரயில் பெட்டியே நோயைத் தடுக்கும் அறையாக மாறியது.

ஏறக்குறைய 60,000 உயிர்களைப் பறித்த அந்தக் கொள்ளைநோய் 1911 மார்ச் மாதம் அடங்கியது. டாக்டர் வூ பிற்காலத்தில் ஈப்போவில் மருத்துவம் பார்த்து, 1960-ல் பினாங்கில் மறைந்தார்.

காற்றில் வந்த செய்தி

ஒரு துறைமுகத்தில் நோய் கண்டால் அடுத்த துறைமுகத்துக்கு எப்படித் தெரியும்? இதற்கு வழி பிறந்த இடமும் நமக்கு அருகில்தான். 1925-ல் உலக நாடுகள் சங்கம் சிங்கப்பூரில் ஒரு தகவல் நிலையத்தைத் திறந்தது. கிழக்குத் துறைமுகங்கள் தங்களிடம் கண்ட பிளேக், காலரா, அம்மை நோயாளிகளின் எண்ணிக்கையைத் தந்தி மூலம் அனுப்பும். அவை தொகுக்கப்பட்டு வாரந்தோறும் வானொலியில் அறிவிக்கப்படும். கடலில் போகும் கப்பலும் கேட்கலாம். பாட்டும் நாடகமும் வீடுகளுக்கு வருமுன்பே, வானொலி நோய்ச் செய்தி சொல்லி உயிர் காத்தது என்பது பெருமைக்குரிய செய்தி.

1951-ல் உலக சுகாதார நிறுவனம் அனைத்துலகச் சுகாதார விதிகளை வகுத்தது. அதில் பிளேக், காலரா, மஞ்சள் காய்ச்சல், பெரியம்மை உள்ளிட்ட ஆறு நோய்கள் இடம்பெற்றன. 2003-ல் சார்ஸ் வந்தபோது அந்தப் பட்டியல் போதாது என்று தெரிந்தது. அந்த ஆண்டு மார்ச் 15-ல் ஹாங்காங்கிலிருந்து பெய்ஜிங் போன ஒரு விமானத்தில் 120 பேர் இருந்தார்கள். அவர்களில் ஒரு முதியவருக்குக் காய்ச்சல். மூன்று மணி நேரப் பயணம்தான். பின்னர் அந்த விமானத்தோடு தொடர்புபடுத்தப்பட்ட நோயாளிகள் 22 பேர்!

2005-ல் திருத்தி எழுதப்பட்டு 2007 ஜூனில் நடப்புக்கு வந்த புதிய விதிகள் கப்பல் தலைவருக்கும் விமானிக்கும் ஒரு கடமையை வகுத்தன. தொற்றுநோய் அறிகுறி உள்ளவர் இருந்தால், தரையிறங்கும் முன்பே கூடிய விரைவில் தகவல் தர வேண்டும். எத்தனை பேர் பயணம் செய்கிறார்கள், எத்தனை பேருக்கு நோய் என்று விமானி வானிலிருந்தே சொல்லிவிடுவார். 38 பாகை அல்லது அதற்கு மேல் காய்ச்சல், அதோடு விடாத இருமல், மூச்சுத் திணறல், வயிற்றுப்போக்கு, தொடர் வாந்தி, உடலில் தடிப்பு, மனக்குழப்பம் போன்றவை கவனிக்க வேண்டிய அடையாளங்கள்.

பினாங்குக்குப் போன விமானம்

இவை எல்லாம் எல்லை தாண்டும் பயணங்களுக்கு. நாட்டுக்குள் நடப்பது என்ன?

2009 மே மாதம் எச்1என்1 காய்ச்சல் உலகை உலுக்கிக் கொண்டிருந்தது. மே 15-ல் மலேசியாவின் முதல் நோயாளி அறிவிக்கப்பட்டார். அமெரிக்காவிலிருந்து திரும்பிய மாணவர் அவர். அடுத்து உறுதி செய்யப்பட்டவரும் அதே விமானத்தில் வந்த மாணவிதான். ஆனால், அவர் இங்கே இறங்கியபின் உள்நாட்டு விமானம் ஏறிப் பினாங்குக்குப் போயிருந்தார். ஆகவே சுகாதார அமைச்சு ஒன்றல்ல, இரண்டு விமானங்களின் பயணிகளைத் தேட வேண்டியதாயிற்று. பக்கத்து இருக்கையில் அமர்ந்து பினாங்குக்குப் போனவர்களில் எத்தனை பேர், தங்களையும் அரசு தேடும் என்று நினைத்திருப்பார்கள்?

விமானத்திலாவது பெயர்ப் பட்டியல் உண்டு, இருக்கை எண் உண்டு. விரைவு பஸ்ஸிலோ கொம்யூட்டரிலோ யாரை எங்கே தேடுவது? கொரோனா காலத்தில் 'மைசெஜாத்ரா' செயலியில் நுழைவுப் பதிவு செய்யச் சொன்னதன் காரணம் இதுவே. 2022 மே முதல் தேதியிலிருந்து அந்தக் கட்டாயமும் நீங்கிவிட்டது. அமெரிக்காவில் 2017-ல் நடப்புக்கு வந்த விதிமுறை, மாநிலங்களுக்கு இடையே பறக்கும் பயணிகள் விமானத்தில் மரணமோ குறிப்பிட்ட நோய் அறிகுறியோ கண்டால் விமானி உடனே சுகாதாரத் துறைக்குச் சொல்ல வேண்டும் என்று தனியாகவே வகுத்திருக்கிறது.

நம் சட்டம் சொல்வது

மலேசியாவில் 1988-ஆம் ஆண்டின் தொற்றுநோய்த் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டம், அதாவது 342-ஆவது சட்டம், இதற்குப் பதில் வைத்திருக்கிறது. அதன் 10-ஆவது பிரிவு பலருக்கும் தெரியாத ஒன்று. நோயைப் பற்றித் தெரிவிக்கும் கடமை டாக்டருக்கு மட்டும் உரியதன்று. தொற்றுநோய் கண்டவருக்கோ அதனால் இறந்தவருக்கோ பொறுப்பாக இருப்பவர், உடன் இருப்பவர், பணிவிடை செய்பவர் ஆகிய அனைவருக்கும் அந்தக் கடமை உண்டு. நோய் இன்னதென்று தெரிந்தவுடன் சொல்ல வேண்டும்.

எங்கே சொல்வது? அருகிலுள்ள மாவட்ட சுகாதார அலுவலகம், அரசாங்க மருத்துவ நிலையம், போலீஸ் நிலையம் ஆகியவற்றில் சொல்லலாம். கம்பத்தில் கிராமத் தலைவரிடமும் சொல்லலாம். தோட்டத்திலும் கம்பத்திலும் வாழ்ந்தவர்களை மனத்தில் வைத்தே இப்படி எழுதியிருக்கிறார்கள். இச்சட்டத்தை மீறுவோருக்குத் தண்டனை விதிக்கப்படலாம். தமக்குத் தொற்றுநோய் இருப்பதை அறிந்தே பொது இடத்தில் பிறருக்குப் பரப்புவதை 12-ஆவது பிரிவு தடுக்கிறது.

ஆக, பஸ் ஓட்டுநரும் ரயில் ஊழியரும் உடன் வந்த உறவினரும் 'எனக்கென்ன வந்தது' என்று இருந்துவிட முடியாது. ஓட்டுநர் டாக்டர் அல்லர், என்ன நோய் என்று அவர் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. நிலைமை மோசமாக இருந்தால் 999-ஐ அழைக்கலாம், அருகிலுள்ள மருத்துவமனைக்கு வண்டியைத் திருப்பலாம். மரணம் நேர்ந்திருந்தால் போலீஸுக்குத் தெரிவிக்கலாம். 'இன்ன இடத்தில் ஏறினார், இத்தனை பேர் உடன் இருந்தார்கள்' என்ற இரண்டு செய்திகள் போதும். பல நாள் தேடலை அவை மிச்சப்படுத்தும்.

ஏன் மறைக்கிறார்கள்?

கிள்ளானுக்கே உரிய பழைய கதை ஒன்று உண்டு. 1901 செப்டம்பரில் போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகம் திறக்கப்பட்டது. சில வாரங்களிலேயே மலேரியா ஊழியர்களைச் சாய்த்துப் போட்டது. அப்போது கிள்ளான் மருத்துவராக இருந்தவர் மால்கம் வாட்சன். மருத்துவமனைக்கு வந்த நோயாளிகளை எண்ணினார். எந்தத் தெருவிலிருந்து வந்தார்கள் என்று பார்த்தார். அந்தக் கணக்கை மேலிடத்தில் வைத்தார். சதுப்பு நிலத்தில் வடிகால் வெட்டப்பட்டது, நோய் குறைந்தது. எண்ணிச் சொன்னதால் ஊர் பிழைத்தது.

இருந்தும் மக்கள் மறைக்கிறார்கள். காரணம் கெட்ட மனம் அல்ல. நாள் கூலி போய்விடும் என்ற பயம். 'நோய்க்காரக் குடும்பம்' என்று ஊர் பேசுமே என்ற கூச்சம். கைத்தொலைபேசி யுகத்தில் இந்தக் கூச்சம் இன்னும் பெரிது. பஸ்ஸில் மயங்கியவரின் படம், அவர் மருத்துவமனை சேருமுன் நூறு குழுக்களுக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறது. அதிகாரியிடம் சொல்வது கடமை. ஊரெல்லாம் பரப்புவது கொடுமை. இந்த வேறுபாட்டை நாம் உணராதவரை, அடுத்த நோயாளியும் வாய் திறக்கமாட்டார்.

அன்று ஜெரஜாக் தீவில் இறக்கப்பட்ட தொழிலாளிக்குத் தம் உடல் நிலையைச் சொல்ல உரிமை இருந்ததோ இல்லையோ, பயப்படக் காரணம் நிறைய இருந்தது. இன்று அந்தப் பயத்தை நீக்குவது அரசின் பொறுப்பு, முதலாளியின் பொறுப்பு, பக்கத்து இருக்கைக்காரரின் பொறுப்பும்கூட.

அடுத்த தீபாவளிக்கும் தைப்பூசத்துக்கும் பஸ்கள் நிறைந்து ஓடத்தான் போகின்றன. நடுக்கத்தோடு சாய்ந்து கிடக்கும் ஒரு முதியவரைப் பார்த்து, முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல், "என்னங்கய்யா செய்யுது?" என்று ஒருவர் கேட்டால் போதும். துறைமுக டாக்டர் அன்று கேட்ட கேள்வியும் அதுதான். கேட்கும் குரலில் அன்பு இருந்தால், பதில் ஒளியாது!