வழுதுணை சென்ற வழி

வடநாட்டில் குடியேறி வாழும் தமிழராகிய நாம் ஒரே காய்க்கு நாள்தோறும் மூன்று பெயர் வழங்குகிறோம். காலையில் சந்தையில் ‘பைங்கன்’ என்று விலை கேட்கிறோம். பகலில் அலுவலகத்தில் சரக்குச் சீட்டில் ‘பிரிஞ்சால்’ என்று எழுதுகிறோம். இரவில் இலை முன் அமர்ந்ததும் ‘கத்தரிக்காய்’ என்கிறோம். அண்மையில் நம் வீட்டுச் சிறுவன், “கத்தரிக்காய் என்றால் பைங்கன்தானே?” என்று வினவினான். தாய்மொழிப் பெயருக்கு அயல்மொழியில் பொருள் கேட்கும் நிலை வந்ததே என்று உள்ளம் வருந்தியது. அவ்வருத்தமே இச்சொல்லின் வரலாற்றைத் தேடத் தூண்டியது.

கத்தரிக்காய்க்குத் தமிழில் வழுதுணை, வழுதலை என்னும் பழம்பெயர்கள் உண்டு. புல்வேளூர்ப் பூதன் இட்ட விருந்தைப் புகழும் ஔவையாரின் தனிப்பாடலில் வழுதுணங்காய் இடம்பெற்றுள்ளது. மலையாளத்தில் ‘வழுதன’ என்பது இன்றும் வீட்டு வழக்கு. வடமொழியில் இக்காய்க்கு ‘வாதிங்கண’ என்று பெயர். அது வழுதுணையின் இனமான திராவிடச் சொல்லிலிருந்து பிறந்ததென மொழிநூலார் சிலர் கருதுவர்.

அச்சொல் சென்ற வழி மிக நீண்டது. பாரசீகர் அதனைப் ‘பாதின்கான்’ என்றனர். அராபியர் ‘பாதின்ஜான்’ என்றனர். அராபியரோடு அது ஸ்பெயின் நாட்டை அடைந்தது. அங்கே ‘அல்’ என்னும் அரபு முன்னொட்டையும் சேர்த்துக்கொண்டு, கத்தலான் மொழி வழியாகப் பிரெஞ்சில் ‘ஓபர்ஜீன்’ ஆயிற்று. இங்கிலாந்தில் இன்று வழங்கும் பெயரும் அதுவே. போர்ச்சுகீசியரோ தம் மொழியில் ‘பெரிஞ்ஜெலா’ என்றனர். 1498-இல் வாஸ்கோ ட காமா கள்ளிக்கோட்டைக்கு வந்தபின் அவர்கள் இந்நாட்டுக் கரைகளில் வாணிகம் நடத்தினர். அவர்கள் சொல்லிலிருந்தே இந்திய ஆங்கிலத்தின் ‘பிரிஞ்சால்’ தோன்றியது. தரைவழியே மேற்கு நோக்கிச் சென்ற சொல், உருமாறிக் கடல்வழியே திரும்பி வந்தது! சந்தையின் பைங்கனும் சீட்டின் பிரிஞ்சாலும் ஒரு குடியில் பிறந்தவையே.

இனி நம் கத்தரியைப் பார்ப்போம். வெட்டும் கருவியாகிய கத்தரி, வடமொழியின் ‘கர்த்தரி’யிலிருந்து வந்தது, காயின் பெயரோடு அதனை மயக்குதல் கூடாது. கத்தரிச் செடியின் முள்நிறைந்த உறவினமான கண்டங்கத்தரி சித்த மருத்துவத்தில் பெயர் பெற்றது. புடைவைக் கடையில் ‘கத்தரிப்பூ நிறம்’ என்றால் வேறு விளக்கம் வேண்டா. “கத்தரிக்காய் முற்றினால் கடைத்தெருவுக்கு வரும்” என்பது, மறைத்த செய்தி வெளிப்பட்டே தீரும் என்பதற்கு நம் மூதாட்டியர் கூறும் பழமொழி.

இவ்வரலாற்றில் நமக்கொரு பாடம் உண்டு. வெளியூர் சென்ற சொல், பேசுவோர் நாவில் இடம்பெற்றதால் உருமாறியும் உயிரோடிருக்கிறது. ஊரிலேயே தங்கிய வழுதுணையோ, நாவிலிருந்து இறங்கி ஏட்டில் ஒடுங்கிவிட்டது. சொல்லைக் காப்பது மண்ணன்று, நாவே. ஆகவே, தொலைவில் வாழ்கிறோம் என்று நாம் சோர்வடைய வேண்டுவதில்லை. சந்தையில் பைங்கன் என்போம், அதில் குற்றமில்லை. பிள்ளைகளுக்குச் சோறிடும்போது மட்டும் அதனைத் தமிழ்ப் பெயரால் அழைத்துப் பரிமாறுவோம். வழுதுணையை இழந்தோம், கத்தரியையேனும் காப்போம்.